ஈரக் காற்றும் ஸ்போர்ட்ஸ் காரும்

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையை அடைகிறது. அம்மழை ஓய்ந்து நிலம் சற்றே உலரத் தொடங்கும் வேளையில், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இவ்விரு மழைகளையும் ஒருங்கே பெறும் நகரங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. அந்நகரில் கிழக்கேகோட்டைக்குத் தெற்கே, வராக மூர்த்தியின் ஆலயத்தையும் அதன் பெரிய திருக்குளத்தையும் சூழ்ந்து அமைந்துள்ள பகுதி ஸ்ரீவராகம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் அது. கடலும் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

அப்பகுதியில் வாழும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், இரண்டு கதவுகள் கொண்ட பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வண்டி ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துப் போற்றி வருகிறார். ஒரு மழைக்கால விடியலில் அவர் ஸ்டார்ட்டரை இயக்கியபோது எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. பழுதுபார்க்க வந்தவர், “சாமி, பாட்டரி போயாச்சு” என்று கூறினார். புதிய பாட்டரி வாங்கப்பட்டது. ஒரு வாரம் கழிந்தபின் அதே முனகல் மீண்டும் எழுந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றப்பட்டு, அதன் கம்பிச்சுருள் புதிதாகச் சுற்றப்பட்டது. மூன்றாம் முறையும் வண்டி கிளம்ப மறுத்தபொழுது, ஆசிரியர் தற்செயலாகச் சோக் குமிழின்மேல் கை வைத்தார். கை சுட்டது. பானெட்டைத் திறந்து பார்த்ததில், சோக் கம்பியின் உறை உருகிப் புகைந்துகொண்டிருந்தது.

சோக் கம்பி என்பது கார்புரேட்டரிலுள்ள ஒரு தகட்டை இழுப்பதற்கான எஃகுக் கம்பி மட்டுமே. மின்சாரத்துடன் அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. அங்ஙனமாயின் அது ஏன் சுட்டது? பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் செலவிட்ட தொகை இவ்வினாவைக் கேளாததற்கு அவர் செலுத்திய அபராதம் எனலாம்.

மின்சாரம் திரும்பும் வழி

மோட்டார் வண்டியில் பாட்டரியின் ஒரு முனையிலிருந்து கம்பி வழியே புறப்படும் மின்சாரம், மறுமுனைக்குத் திரும்புவது வண்டியின் இரும்பு உடலின் வழியாகவே ஆகும். ஆனால் எஞ்சின் இரும்புச் சட்டத்தின்மேல் நேராக அமர்ந்திருப்பதில்லை. அதிர்ச்சியைத் தாங்கும்பொருட்டு ரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்த்தப்பட்டுள்ளது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கச் செம்பு இழைகளால் பின்னிய பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதனை எர்த் பட்டை என்பர். நண்பரின் வண்டியில் இப்பட்டையின் ஒரு முனை பச்சைக் களிம்பு பூத்து, வண்ணத்திற்கும் துருவிற்கும் இடையே பெயரளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்ல வழியின்றித் தவித்த மின்சாரம், எஞ்சினிலிருந்து முகப்புப் பலகை வரை செல்லும் மற்றோர் உலோகப் பாதையைத் தேடிக் கொண்டது. அப்பாதைதான் சோக் கம்பி. நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்திற்கு அம்மெல்லிய கம்பி எங்ஙனம் ஈடுகொடுக்கும்? அது கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலின் அருகிலேயே, முடிவடைகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வண்டி கிளம்பாதது ஒரு சிறு தொல்லை. அதன் பின்னே நின்ற தீ விபத்து சிறிதன்று.

வகுப்பறையில் ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. இணைப்பு ஒன்றின் தடை 0.02 ஓம் மட்டுமே என்று கொள்வோம். வீட்டில் உபயோகிக்கும் சாதாரண மீட்டரால் இத்தடையைச் சரிவர அளக்கவும் இயலாது. இருப்பினும் 150 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே செல்லும்போது 3 வோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது. 12 வோல்ட் பாட்டரியில் 3 வோல்ட் என்பது கால் பங்கு. எனவே தடையை அளப்பதைவிட, மின்சாரம் பாயும்போது ஏற்படும் வோல்ட் இழப்பை அளப்பதே முறை.

சோதனை எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் கிளம்பாதிருக்கக் காயிலின் நடுக்கம்பியைப் பிடுங்கி எஞ்சின் உலோகத்தோடு சேர்த்துவிட வேண்டும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும், மற்றதைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வைத்துக்கொண்டு, உதவியாளர் ஒருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லலாம். மீட்டர் அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டின் பாதை நன்று. நண்பரின் வண்டியில் அது 4 வோல்ட்டைத் தாண்டியது. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு புதிய செம்புப் பட்டையும், உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்த இரண்டு இடங்களும், இணைப்பின்மேல் தடவிய சிறிது வாசலினும் நோயைத் தீர்த்தன. களப்பணியாளர்களின் ஜீப்பிற்கும் டிராக்டருக்கும் இச்சோதனை ஓரெழுத்தும் மாறாமல் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுள் பாட்டரியின் நேர்முனை சட்டத்துடன் இணைக்கப்பட்டவை உண்டு. இக்காலத்து வண்டிகளில் எதிர்முனையே அங்ஙனம் இணைக்கப்படுகிறது. பாட்டரியைக் கழற்றுமுன் எந்த முனை எங்குச் சென்றது எனக் குறித்துக்கொள்ளாதவர், மாற்றிப் பூட்டிப் பின்னர் வருந்துவர்.

உப்பும் நீரும்

நண்பர் தமது வண்டியை ஓட்டுக் கூரையின்கீழ்தான் நிறுத்துகிறார். மழைத்துளி அதன்மேல் விழுவதில்லை. பின் எர்த் பட்டை களிம்பேறியது எவ்வாறு? கடற்காற்றில் உப்புத் துகள்கள் மிதந்து வருகின்றன. சாதாரணச் சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கடந்ததும், காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைந்து நீர்மமாகிவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் கண்டிருப்போம். கடலுப்பில் கலந்துள்ள மக்னீஷியம் குளோரைடு அதனினும் பேராசை கொண்டது. 33 சதவீத ஈரப்பதத்திலேயே அது நீரை ஈர்க்கத் தொடங்குகிறது. எனவே கடலோர ஊரில் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு திருகின்மேலும், மழை பெய்தாலும் பெய்யாவிடினும், கண்ணுக்குப் புலனாகாத உப்புநீர்ப் படலம் ஒன்று ஆண்டின் பெரும்பகுதியில் இருந்துகொண்டே இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்பும் இரும்பும் தொடும் இடத்தில் சிறியதொரு மின்கலத்தையே உண்டாக்கி இரும்பை அரிக்கும். பழைய வண்டியின் பிணிகள் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

இவ்வூர்க்காரர்கள் வண்டியைக் கழுவுவதில் காட்டும் அக்கறை வெளிப்புற வண்ணத்தோடு நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. நல்ல நீரால் கழுவவேண்டியது வண்டியின் அடிப்பாகமே.

ஹெரால்டின் உறவு

இந்த வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று கூறுதல் தகுமா என வாசகர் வினவலாம். டிரையம்ஃப் ஹெரால்ட் 1959 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உருவத்தை வகுத்தவர் ஜோவான்னி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் இதனை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்னும் பெயரில், 948 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் தயாரித்தனர். அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, 1147 கன சென்டிமீட்டர் எஞ்சினையும் இரட்டைக் கார்புரேட்டர்களையும் பொருத்தி, 1962 இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டதே ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அது 1980 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே ஹெரால்ட் அதன் உடன்பிறப்பு. அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களை இறக்குமதி செய்தல் அரிதாயிருந்த அக்காலத்தில் நம் நாட்டு இளைஞர்களுக்கு வாய்த்த ஸ்போர்ட்ஸ் கார் இதுவே எனலாம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தக் காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் நடைபெற்றுவந்த பந்தயங்களிலும் ஹெரால்ட் வண்டிகள் ஓடின.

அதன் மேற்கூரை போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. கழற்றினால் திறந்த வண்டியாகிவிடும். இவ்வசதியைக் கண்டு ஆசை கொள்வோர், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விதிக்கும் கட்டுப்பாட்டையும் படித்துவிட்டு ஸ்பானரை எடுப்பது நலம்.

வீட்டில் பழுதுபார்ப்போருக்கு இவ்வண்டி ஒரு வரம். முன்புற மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் வெளியே தெரியும். முன் சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். இக்காலத்து வண்டிகளில் பிளக்கைக் காண்பதற்கே மூன்று மூடிகளை அகற்ற வேண்டியுள்ளது.

தேடும் வரிசை

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: உரிய காலத்தில் தீப்பொறி, உரிய அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அக்கலவையை அழுத்தும் சிலிண்டர். வண்டி நின்றுபோனால் இம்மூன்றுள் எது இல்லை என்று முதலில் அறிந்தபின்னரே எதனையும் கழற்ற வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றுபவர், வண்டி ஓடினாலும் ஏன் ஓடிற்று என்பதை ஒருபோதும் அறியமாட்டார்.

முதலில் தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியில் மாட்டி, உலோக உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்து ஸ்டார்ட்டரை இயக்கினால், நீலநிறமான கூரிய பொறி சடசடவென்று பாய வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிப்படுமாதலால் பொறியை அத்துளையிலிருந்து விலக்கி வைத்தல் அவசியம். காப்பிட்ட குறட்டால் பிடித்தலும் வேண்டும். காயிலில் எழும் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட் அளவினது. பொறி மஞ்சளாகவும் சோம்பலாகவும் இருப்பின், அல்லது இல்லாமலே போயின், ஈர நாட்டில் முதற்கண் ஐயுறவேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையே ஆகும். பகலில் ஓடிச் சூடான எஞ்சின் இரவில் குளிரும்போது மூடிக்குள் ஈரக்காற்று புகுந்து, நீர்த்திவலையாகப் படிகிறது. அத்திவலையில் உப்பும் தூசியும் சேர்ந்தால் உயரழுத்த மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் மூடியின் உட்சுவரில் ஊர்ந்து செல்லும். நாளடைவில் அவ்வழி கருகி, பென்சிலால் கோடு இழுத்தாற்போன்ற கரிக்கோடு தோன்றும். ஈரத்தைத் துணியால் துடைத்தால் தீரும். கரிக்கோடு விழுந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால், பழுதான கம்பிகளின்மேல் நீலநிற மினுமினுப்பைக் கண்ணாலேயே காணலாம். மாணவர்களுக்குக் காட்டத்தக்க காட்சி, எட்ட நின்று.

மூடிக்குள் உள்ள பாயிண்டுகளின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டரும், பிளக்கின் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டரும் இருத்தல் வேண்டும். பாயிண்டுகள் கருகிக் குழிவிழுந்திருப்பின் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். கம்பிகளைக் கழற்றினால் மீண்டும் பூட்டும் வரிசை 1, 3, 4, 2 என்பதாம்.

பொறி நன்றாயிருப்பின் அடுத்தது பெட்ரோல். ஹெரால்டில் பெட்ரோல் பம்பு எஞ்சினாலேயே இயக்கப்படுகிறது. கையால் இயக்குவதற்கும் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு சீசாவிற்குள் விட்டு, நெம்புகோலை அசைத்தால் பெட்ரோல் துடித்துத் துடித்து வரவேண்டும். வராவிடின் பம்பின் சவ்வோ, வடிகட்டியோ, குழாயின் விரிசலோ காரணமாகலாம். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலப்பதும் உண்டு. எண்ணெய்க் கோலை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, எனினும் வலுவில்லை என்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளவி கொண்டு பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுதல் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாயின் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்கலாம். எண் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. எண்ணெய் அவ்விடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. உயராவிடின் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்தால் அவற்றின் நடுவே தலைப்பகுதியின் காஸ்கெட் பழுது. ஒரு கரண்டி எண்ணெய் எஞ்சினைத் திறவாமலே அதன் உள்ளத்தைக் கூறிவிடுகிறது.

எஞ்சின் கொதிப்பது வேறு வகை. ரேடியேட்டர் மூடி, சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு மிகை அழுத்தத்தைத் தாங்குமாறு அமைந்திருப்பின், உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 டிகிரி சென்டிகிரேடு வரை பொறுத்திருக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கிய கணமே நீர் முழுவதும் பொங்கி முகத்தில் பாயும். ஆறும்வரை பொறுத்தலன்றி வேறு உபாயமில்லை.

இன்றைய பெட்ரோல்

பழைய வண்டி வைத்திருப்போர் அறியவேண்டிய புதிய செய்தி ஒன்றுண்டு. ஹெரால்ட் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயச் சேர்க்கை இருந்தது. 2000 ஆம் ஆண்டில் நம் நாட்டில் அது நீக்கப்பட்டது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாகிவிட்டது. ஈயம் சென்றதனால் நாட்டு மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்திற்கு விளைந்த நன்மை பெரிது. எனினும் பழைய வார்ப்பிரும்புத் தலைப்பகுதியில் வால்வு அமரும் விளிம்புகள் ஈயத்தின் காப்பை இழந்தன. நெடுந்தூரம் வேகமாக ஓடும் வண்டிகளில் அவை சிறிது சிறிதாகத் தேயலாம். வால்வு இடைவெளி விரைந்து குறைந்துவருவதே இதற்கு அறிகுறி.

எத்தனால் வேறு விதமானது. அது நீரை ஈர்க்கும். பெட்ரோல் தொட்டி பகலில் சூடேறி இரவில் குளிரும்போது மூச்சு விடுவதுபோல் காற்றை வெளிவிட்டு உள்ளிழுக்கிறது. ஸ்ரீவராகத்தில் அது இழுப்பது ஈரக்காற்று. கலந்த நீர் ஓர் அளவைக் கடந்ததும் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்தே புறப்படுகிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டி கிளம்ப மறுப்பதற்கு இது ஒரு காரணம். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதை அளவுக்குழாய் ஒன்றைக்கொண்டே காட்டலாம். திறந்த வெளியில், அருகில் நெருப்பின்றி, 50 மில்லிலிட்டர் பெட்ரோலுடன் 10 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் நீரடுக்கு 10 இலிருந்து ஏறக்குறைய 20 மில்லிலிட்டராக வளர்ந்திருக்கும். வளர்ந்த பங்கு எத்தனால்.

இதனினும் கவலைக்குரியது ரப்பர். 1960 களில் செய்த பெட்ரோல் குழாய்களும் பம்புச் சவ்வுகளும் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை வீங்கும், பின் வெடிக்கும். குழாயை வளைத்துப் பார்க்கையில் மெல்லிய வெடிப்புகள் தோன்றின் அன்றே மாற்ற வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே 30 ஆர் 9 என்னும் தரக்குறி பொறித்த குழாய்கள் இதனைத் தாங்கும். எத்தனால் எரிவதற்குத் தேவையான காற்று குறைவாதலின், பழைய அளவிலேயே விட்டுவைத்த கார்புரேட்டரில் கலவை சற்றே மெலிந்துபோகும். எஞ்சின் சூடேறுதலும் தயங்குதலும் காணின் ஜெட்டைச் சிறிது பெரிதாக்குதல் தகும். ஸ்பிட்ஃபயரின் எஸ்.யு. கார்புரேட்டர்களில் ஜெட்டையே கீழிறக்கி இதைச் செய்யலாம். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் இறக்க வேண்டும்.

ஜாக்கியை நம்பாதீர்

வண்டியின் அடியில் வேலை செய்யுமுன் சில சொற்கள். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. வண்டியைத் தூக்கியபின் இரும்பு முக்காலிகளின்மேல் இறக்கி நிறுத்தாமல் எவரும் அடியில் புகலாகாது. உள்ளீடற்ற சிமென்ட் கற்களை அடுக்குவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அவை எச்சரிக்கையின்றி நொறுங்கக்கூடியவை. மழையில் நனைந்த மண்முற்றத்தில் முக்காலியும் புதையும். அதற்கடியில் தடித்த பலகை வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று சமையலறை அடுப்பையும் எட்டும். கதவு மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு மணமின்றியே கொல்லும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருந்ததால், டிரம்மைத் திறந்தபின் தூசியை ஊதுதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிரேக் திரவமும் நீரை உறிஞ்சும் இனத்தைச் சேர்ந்தது. டாட் 3 எனக் குறிக்கப்பட்ட புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீத நீர் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. சிலிண்டர்களைப் பிரித்துச் சேர்ப்பதை அனுபவமுள்ளவரிடம் விடுவது நன்று. பின்புறம் குறுக்கே கிடக்கும் வில்லையும், முன்புறச் சுருள்வில்களையும் உரிய கருவியின்றிக் கழற்ற முற்படலாகாது. அவற்றில் அடங்கியுள்ள விசை ஒருவரை ஊனப்படுத்தப் போதுமானது.

முன் சக்கரத்தின் மறை

ஹெரால்டிற்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவானதோர் உறுப்பு உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் திருகு மறை வெட்டப்பட்டு, அது வெண்கலத்தாலான ஒரு குடுவைக்குள் திருகப்பட்டிருக்கும். இக்குடுவைக்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் எஃகு மறை வெண்கலத்திற்குள் சிறிது திரும்புகிறது. வண்டியின் முன்பக்கத்துச் சுமையை இவ்விணைப்பே தாங்குகிறது.

தயாரிப்பாளரின் கையேடு இதற்குக் கியர் எண்ணெயை, 90 என்னும் தடிப்புள்ளதை, செலுத்துமாறு கூறுகிறது. ஆனால் அங்குப் பூட்டும் நிப்பிள் கிரீஸ் நிப்பிளைப் போலவே தோன்றுவதால், சர்வீஸ் செய்வோர் பழக்கத்தினால் கிரீஸை அழுத்திவிடுகின்றனர். கிரீஸ் நாளடைவில் மெழுகுபோல் இறுகி, மறையின் பள்ளங்களில் புதிய மசகு புகாதபடி அடைத்துக்கொள்கிறது. மழைநீர் மட்டும் எப்படியோ புகுந்துவிடுகிறது. துரு அரித்த இடத்தில் எஃகு ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது சிறிதாகக் களைத்து, ஒருநாள் முறிகிறது. முறிந்ததும் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். வண்டியை மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போது இது நேர்ந்தால் அது நற்பேறு.

செய்யவேண்டியது அதிகமில்லை. முன்பக்கத்தைத் தூக்கி முக்காலியில் நிறுத்தி, சக்கரத்தின் சுமையை நீக்கி, எண்ணெய் பீச்சும் துப்பாக்கியால் கியர் எண்ணெயைச் செலுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்ப வேண்டும். மேல் விளிம்பில் சுத்தமான எண்ணெய் கசியும்வரை நிறுத்தலாகாது. கடலோர ஊர்களில் ஆண்டிற்கு இருமுறை, ஒவ்வொரு பருவமழைக்கும் முன்னர், இதனைச் செய்வது உசிதம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தென்படின், எண்ணெய் விடுவதோடு அமையாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் ஒரு ஞாயிறன்று நண்பரும் யானும் இதைச் செய்தோம். இடப்புறத்தில் பழுப்பு நிற எண்ணெய் வெளிவந்து, பின் தெளிந்தது. வலப்புறத்தில் எவ்வளவு அழுத்தியும் எண்ணெய் புகவில்லை. நெடுநேரம் கழித்து வெளிவந்தது துருநிற நீரும், உலர்ந்த சந்தனம் போன்ற பழைய கிரீஸும். அன்று அவ்வண்டியில் மாலை கோவளம் செல்வதாக இருந்த ஏற்பாட்டைக் கைவிட்டோம். மறுவாரம் தேர்ந்த தொழிலாளி ஒருவர் தண்டைக் கழற்றினார். மறை தொடங்கும் கழுத்துப் பகுதியில், தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கருமையானதொரு வெடிப்பு இருந்தது. விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவு.

ஸ்பிட்ஃபயரைப் போற்றுவோர் பல நாடுகளில் இருப்பதால் இவ்வினத்து உறுப்புகள் இங்கிலாந்தில் இன்றும் விற்கப்படுகின்றன. புதிய தண்டும் குடுவையும் வந்துசேர ஆறு வாரங்களாயின. அதுவரை வண்டி நான்கு முக்காலிகளின்மேல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது அதன் இரு முன் சக்கரங்களின் உட்புறத்திலும் ஒரு சிறு தகரத்துண்டு கட்டப்பட்டுள்ளது. “எண்ணெய் மட்டும், கிரீஸ் கூடாது” என்று அதில் தமிழிலும் மலையாளத்திலும் ஆசிரியர் தம் கையால் எழுதியிருக்கிறார்.